கூட வேலை பார்க்கிறவரும் படிக்கிற மாதிரி டைப் அடிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிறேன். நெல்லையில் காலை டீயோடு பேப்பர் புரட்டாத ஆபீஸ் குறைவு, வாசகர் கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற அண்ணாச்சிமாரும் பிரிவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள், அந்தத் தைரியத்தில்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். இது மேலதிகாரிகளுக்கு வைக்கிற கோரிக்கை இல்லை. என்னைப் போல நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடிதமும் பட்டியலும் சுற்றறிக்கையும் அடிக்கிற சக ஊழியர்களுக்குச் சொல்ல வந்தது. நாம் அடிக்கிற ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க முடியாத ஒருவரும் படிக்க வேண்டியிருக்கலாம். அதை அடிக்கும்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்து சீட்டில் இருப்பவரையும் அப்படிச் செய்ய வைக்க வேண்டும்.

பார்வையில்லாத ஒருவர் கம்ப்யூட்டரில் எப்படிப் படிக்கிறார் என்று பலருக்கும் தெரியாது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருடைய கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்பவரோடு சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது, இரண்டு பேருக்குமே பார்வை கிடையாது. காசு கொடுக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தமிழும் வாசிக்கும். திரையில் உள்ள எழுத்தை அது சொல்லச் சொல்ல அண்ணாச்சி ஹெட்போனில் கேட்கிறார், நமக்கு ஒரு வார்த்தை கூடப் பிடிபடாத வேகத்தில் வைத்துக் கேட்கிறார். மவுஸைத் தொடுவதே இல்லை, எல்லாம் கீபோர்டில்தான். ஒழுங்காக அடித்த கோப்பு கைக்கு வந்தால் குறிப்பு எழுதி எங்களுக்கு முன்னால் அனுப்பிவிடுவார். ஒழுங்காக இல்லாத கோப்பு வந்தால் அன்றைக்கு அவர் வேலை அங்கேயே நின்றுவிடும், அதை அப்படி அடித்து அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது.

எங்கே நிற்கிறது என்றால், முதலில் எழுத்துருவில். நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ ஆபீஸிலும், மனு எழுதிக் கொடுக்கிற கடைகளிலும், டிடிபி சென்டர்களிலும் பாமினி மாதிரியான பழைய ஃபாண்ட்கள்தான் ஓடுகின்றன. திரையில் அழகாகத் தமிழ் தெரியும். ஆனால் உள்ளே பதிவாகியிருப்பது தமிழ் இல்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு செமிகோலனும். 'அம்மா' என்று அடித்தால் எம், கே, செமிகோலன், கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது ஃபாண்ட் செய்கிற வேலை. கண் அந்த உருவத்தைப் பார்க்கிறது, திரைவாசிப்பானோ உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். மூன்று பக்கக் கடிதம் முழுக்க இப்படி ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாகக் காதில் கொட்டினால் யாரால் என்ன செய்ய முடியும்? தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிவு செய்கிற யூனிகோடு முறையில் அடித்திருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வருஷம். அதற்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கூட, சீனியர் வைத்திருந்த பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே அடித்து அடித்து அதே பழைய ஃபாண்டைத் தொடர்கிறார்கள்.

ஃபாண்டை மாற்றச் சொன்னால் உடனே வருகிற பதில், "கை பழகிப்போச்சு, இனிமேலா புதுசா டைப்பிங் படிக்க?" என்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டச்சு லோயர், ஹையர் முடித்து, விரல் தானாக ஓடுகிற நிலைக்கு வந்த ஒருவருக்குக் கீபோர்டை மாற்றுவது பெரிய பாடுதான். ஆனால் மாற்றவே வேண்டாம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது, பாமினி முறையும் இருக்கிறது. விரல் பழைய இடத்திலேயே தட்டும், திரையில் யூனிகோடு விழும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது ஸ்கேன். கம்ப்யூட்டரில் அடித்த கடிதத்தை பிரின்ட் எடுத்து, கையெழுத்தும் சீலும் வைத்து, திரும்ப ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புகிறோம். அப்படி அனுப்புவது எழுத்து அல்ல, அந்தத் தாளின் போட்டோ. திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க ஒன்றுமே கிடையாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற வசதி இப்போது போனிலேயே வந்துவிட்டது, உண்மைதான், ஆனால் லேசாகச் சாய்ந்த ஸ்கேனில், சீல் விழுந்த இடத்தில், கட்டம் போட்ட பட்டியலில் அது தடுமாறும். தொகையிலோ தேதியிலோ ஒரு எண் மாறினால் யார் பொறுப்பு? கையெழுத்துப் போட்ட நகல் வேண்டும் என்பது நியாயம், ஸ்கேனை அனுப்புங்கள், கூடவே அந்த வேர்டு கோப்பையும் இணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற கோப்புதானே, அதை இணைக்க எவ்வளவு நேரமாகும்!

வேர்டிலிருந்து நேராக பிடிஎஃப் ஆக்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரின்ட் கொடுக்கிற வழியில் போய் பிடிஎஃப் ஆக்கினால் தலைப்பு எது, பட்டியல் எது என்ற குறிப்புகள் உதிர்ந்துபோகும், 'சேவ் ஆஸ்' வழியாகப் போனால் அவை நிற்கும். அப்போதும் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிடிஎஃபிலிருந்து எழுத்தை எடுக்கும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போன்றவை சில நேரம் இடம் மாறி, 'கொக்கிரகுளம்' என்பது 'ெகாக்கிரகுளம்' என்று வந்து நிற்கும். கேட்பவருக்கு ஒவ்வொரு வரியிலும் நாலைந்து சொல் உடையும். இதனால்தான் தமிழ்க் கடிதத்துக்கு வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பட்டியல் விஷயத்தில் எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. முகாம் எங்கெங்கே, எந்தத் தேதி, பொறுப்பு யார் என்று ஒரு பட்டியல் வந்தது. அதை அடித்தவர் டேபிள் போடாமல், ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஊரையும் தேதியையும் பெயரையும் நேர்வரிசையில் நிற்க வைத்திருந்தார். பிரின்ட் எடுத்துப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. சேரன்மகாதேவி முகாம் நடக்கிற பள்ளியின் பெயர் நீளமாக இருந்ததால் பாதியை அடுத்த வரியில் இறக்கியிருந்தார். அண்ணாச்சிக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? முதலில் அம்பாசமுத்திரம், அதன் தேதி, அதன் பொறுப்பாளர், சரி. அப்புறம் சேரன்மகாதேவி, பாதிப் பள்ளிப் பெயர், ஒரு தேதி, ஒரு ஆள் பெயர், அதற்கப்புறம் மீதிப் பள்ளிப் பெயர், அதோடு ஒட்டிக்கொண்டு நாங்குநேரி. அந்த மீதிப் பெயர் நாங்குநேரி முகாம் நடக்கிற இடம் என்றுதான் காதில் விழும். அவர் அனுபவசாலி, ஏதோ இடிக்கிறதே என்று கேட்டுத் தெளிந்துகொண்டார். வேறொருவர் அதை நம்பி பஸ் ஏறிப் போயிருந்தால்? இன்செர்ட் போய் ஒரு டேபிள் போட்டு, முதல் வரியைத் தலைப்பு வரி என்று குறித்து, கட்டங்களைக் கண்டபடி ஒன்றோடொன்று இணைக்காமல் விட்டாலே போதும், எந்தக் கட்டத்தில் நின்றாலும் இது தேதி, இது இடம் என்று திரைவாசிப்பான் சேர்த்துச் சொல்லிவிடும்.

இதே வகைதான் 'அறிவிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் அகலமாகக் காட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் இடம் விடுவது. காதில் அது ஒரு சொல்லாக விழாது, அ, றி, வி, ப், பு என்று உதிரி எழுத்தாகத்தான் விழும். எழுத்தை அகலமாக்க ஃபாண்ட் அமைப்பிலேயே இடைவெளி கூட்டுகிற வசதி இருக்கிறது. படிவத்தில் நிரப்புவதற்காக வரிசையாகப் புள்ளி வைப்பது, 'சிவப்பில் குறித்துள்ளவர்கள் நாளைக்குள் ஆஜராக வேண்டும்' என்று நிறத்தை மட்டும் அடையாளமாகக் கொடுப்பது, இவையும் அப்படித்தான். நிறத்தோடு கூட ஒரு நட்சத்திரக் குறியோ 'அவசரம்' என்ற சொல்லோ போட்டால், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே உதவும்.

தலைப்புகளைப் பற்றிக் கொஞ்சம். நீளமான அறிக்கையில் தலைப்பை எப்படி அடிக்கிறோம்? எழுத்தைப் பெரிசாக்கி, போல்டு போட்டு, கீழே கோடு இழுக்கிறோம். அது கண்ணுக்குத் தலைப்பு, கம்ப்யூட்டருக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான். வேர்டில் கன்ட்ரோலையும் ஆல்டையும் பிடித்துக்கொண்டு 1-ஐத் தட்டினால் அந்த வரி உண்மையான தலைப்பாகிவிடும், 2-ஐத் தட்டினால் உள்தலைப்பு. நாற்பது பக்க அறிக்கையில் செலவுக் கணக்கு எங்கே என்று நாம் கண்ணை ஓட்டித் தேடுகிற மாதிரி, அண்ணாச்சி தலைப்பு தலைப்பாகத் தாவி அதே இடத்துக்குப் போய்விடுவார். தலைப்பு இல்லாவிட்டால் முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். நமக்கும் இதில் லாபம் உண்டு, பொருளடக்கம் தானாக வரும், பக்க எண் மாறினாலும் கையால் திருத்த வேண்டியதில்லை. படம் வைத்தால் அதன் மேல் ரைட் கிளிக் பண்ணி, ஆல்ட் டெக்ஸ்ட் என்கிற இடத்தில் அந்தப் படம் என்ன சொல்கிறது என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். எல்லாம் முடிந்தபின் ரிவ்யூ பகுதியில் 'செக் அக்சஸிபிலிட்டி' என்று ஒன்று இருக்கிறது, ஸ்பெல்லிங் பார்க்கிற மாதிரி அதையும் ஒரு தட்டு தட்டினால் எங்கெங்கே குறை என்று அதுவே காட்டும். அது எல்லாக் குறையையும் பிடித்துவிடாது, பழைய ஃபாண்டை அது கண்டுகொள்ளாது, ஆனாலும் நல்ல தொடக்கம்.

இதையெல்லாம் அடிக்கும்போதே செய்ய வேண்டும். அரிசியில் கல்லை உலையில் போடுவதற்கு முன்னால் பொறுக்கிவிட வேண்டும் அல்லவா, அந்த மாதிரி. எல்லாம் முடிந்து, அனுப்பியும் ஆன பிறகு, யாரோ ஒருவர் கேட்டார் என்று நூறு பக்கத்தை மறுபடி உட்கார்ந்து சரிசெய்வதென்றால் எரிச்சல்தான் வரும், அந்த எரிச்சல் கடைசியில் கேட்டவர் மேல்தான் போய் விழும்.

கேட்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அண்ணாச்சி சேர்ந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "தம்பி, இந்தக் கடிதத்த எனக்குப் படிக்கிற மாதிரி அனுப்ப முடியுமா?" என்று. அனுப்புகிறேன் என்பார்கள், மறந்துவிடுவார்கள், அடுத்த கடிதமும் அப்படியே வரும். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். யாரும் இருந்தால் படித்துக் காட்டச் சொல்வார். அவர் ஒன்றும் சொல்வதில்லையே, அப்படியானால் பிரச்சினை இல்லை போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். தன் சம்பளச் சிலிப்பை, தன் மேல் விளக்கம் கேட்டு வந்த மெமோவை, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போட்ட விண்ணப்பத்தின் பதிலை, எல்லாவற்றையும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். படித்துக் காட்டுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம் சம்பளத்தில் எந்தக் கடனுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நம்மில் யார் இதற்குச் சம்மதிப்போம்? நாம் சரியாக அடித்திருந்தால் அவர் யாரிடமும் கேட்டிருக்கவே வேண்டாம்.

வேலை கொடுக்கிற இடத்தில் சட்டம் வழி திறந்துவிட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது, அதில் 1 சதவீதம் பார்வையில்லாதவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். நம் தாலுகாக்களிலிருந்து பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் படித்து, பரீட்சை எழுதித் தேறி வேலைக்கு வருகிறார்கள். நாற்காலி கிடைக்கிறது, மேஜை கிடைக்கிறது, கம்ப்யூட்டர் கூடக் கிடைக்கிறது, அதில் திறக்கிற கோப்பு வாசிக்க முடியாததாக இருக்கிறது. "அவருக்கு அதிகம் வேலை கொடுக்காதீங்க, பாவம்" என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். வேலை செய்ய முடியாதபடி ஆக்கியது நாம் அடித்த கோப்புதான் என்பது அங்கே மறைந்துபோகிறது.

சட்டத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருகிற எல்லாமே மாற்றுத்திறனாளிகள் அணுகும் விதத்தில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமான தரம் வேண்டும் என்று சொல்லி, அதை மூன்று மாதத்தில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றே சொல்லிவிட்டது. இவை தெரிந்திருக்க வேண்டியவை. ஆனால் என் அனுபவத்தில் தீர்ப்பைக் காட்டி ஒரு சக ஊழியரைக் கூட மாற்ற முடிந்ததில்லை. "சரி சரி, ஆர்டர் வரட்டும் பார்ப்போம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மனசு மாறுவது காதால் கேட்கும்போதுதான். எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார், ஆபீஸிலேயே வேகமாகவும் தப்பில்லாமலும் அடிப்பவர் அவர்தான், எல்லோரும் அவர் அடித்த கோப்பைத்தான் மாதிரியாக வைத்துக்கொள்வார்கள். அவரிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொண்டு, அக்காவை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அக்கா அடித்த கடிதத்தையே திறந்து ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டோம். வேகத்தைக் குறைத்து வைத்தார் அண்ணாச்சி. ரெண்டு வரி போயிருக்கும், ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இதையா அண்ணாச்சி இவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அண்ணாச்சி, "சொன்னேன்மா, நீங்க வேலை அவசரத்துல இருந்தீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் யாரும் அக்காவுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இ-கலப்பையைப் போட்டுக்கொண்டார், பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடில் அடிக்கிறார். இப்போது யாராவது பழைய ஃபாண்டில் ஒரு கடிதத்தை அவர் மேஜைக்கு அனுப்பினால் அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இதை மற்ற ஆபீஸ்களிலும் செய்து பார்க்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம். பார்வையில்லாத ஊழியர் உங்கள் இடத்தில் இல்லாவிட்டாலும் என்விடிஏவை இறக்கி, நீங்களே கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கடிதத்தைக் கேட்கலாம். அவர் இருந்தால், அவரை வேடிக்கைப் பொருள் ஆக்காமல், விருப்பம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், அவருக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, எல்லோரையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். எந்த ஆபீஸிலும் யாரும் வெற்றுத் தாளில் தொடங்கி அடிப்பதில்லை, போன மாதக் கடிதத்தைத் திறந்து தேதியையும் எண்ணையும் மாற்றி அடிக்கிறோம். ஆகவே திருத்த வேண்டியது அந்த மூலக் கோப்பைத்தான். அடிக்கடி போகிற கடிதம், செயல்முறை ஆணை, விடுப்பு விண்ணப்பம், கூட்ட அழைப்பு, இந்த மாதிரி சில கோப்புகளை யாராவது ஒருத்தர் உட்கார்ந்து யூனிகோடில், சரியான தலைப்போடும் டேபிளோடும் அடித்து, எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டால், மற்றவர்கள் தங்களை அறியாமலேயே சரியாக அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கு நூறு சுற்றறிக்கை செய்யாததை இது செய்தது.

"நம்ம ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லையே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. நாம் அடிக்கிற கடிதம் நம் ஆபீஸோடு நிற்பதில்லை. மனு கொடுத்தவருக்குப் பதிலாகப் போகிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்குப் போகிறது, வேறு துறைக்கு நகல் போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர், அதில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 50 லட்சம். அதுவும் போக, நமக்கே ஓய்வு வயது இப்போது 60. சர்க்கரையில் பார்வை மங்கியவர்கள், கண்புரைக்கு ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் எந்தப் பிரிவில் இல்லை? யூனிகோடில் அடித்த கோப்பு என்றால் அவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், போனில் போட்டுக் கேட்கலாம். ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கினால் பக்கம் ஓரத்தில் ஓடிப்போவதுதான் மிச்சம்.

அதிலும் நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பொறுப்பு இருப்பதாக நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1890-இல். காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கியதும் அதை ஒட்டிய காலத்தில்தான், அவர் பெயரிலேயே இன்றும் பள்ளி நடக்கிறது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள், விரலால் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகப் பார்வையில்லாதவர்களைப் படிக்க வைத்த ஊரில், படித்து முடித்து வெளியே வருகிறவருக்கு நாம் கொடுக்கிற தாளை அவரால் படிக்க முடியவில்லை என்றால் அது நம் எல்லோருக்கும் உறைக்க வேண்டும்.

ஆபீஸுக்கு வெளியேயும் இது இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை புரண்ட நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எந்த அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், எந்தக் கரையில் இருப்பவர்கள் எங்கே போக வேண்டும், எந்த எண்ணுக்குப் போன் பண்ண வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எத்தனையோ வந்தன, எனக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் படமாகத்தான் வந்தன. பார்வையில்லாதவர் போனில் திரையை வாசித்துச் சொல்கிற டாக்பேக் அதைப் பெரும்பாலும் 'போட்டோ' என்று மட்டும்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரரும் தண்ணீருக்குள் இருக்கும்போது அவர் யாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வார்? அதே செய்தியைப் படத்துக்குக் கீழே நாலு வரி தட்டிப் போட்டிருந்தால் போன் வாசித்துச் சொல்லியிருக்கும். மழை நேரத்துக்கு மட்டும் இல்லை, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் விடுமுறை அறிவிப்பைப் படமாகப் போடுகிற ஆசிரியர்களுக்கும், சங்கக் கூட்ட அழைப்பை டிசைன் பண்ணிப் போடுகிற தோழர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். டிசைனைப் போடுங்கள், அதன் கீழே தேதி, இடம், நேரம் மூன்றையும் எழுத்தாகவும் போடுங்கள். கூட்டத்தில் பேசியதைக் குரல் பதிவாக மட்டும் அனுப்பினால் காது கேளாதவர்களுக்கு அது எட்டாது, அதற்கும் நாலு வரிச் சுருக்கம் எழுத்தில் வேண்டும்.

கடைசியாக ஆசிரியர் அவர்களுக்கே ஒரு கோரிக்கை. பத்திரிகைகள் வேலைவாய்ப்புச் செய்தியையும் முகாம் அறிவிப்பையும் பக்கத்தைப் படமாக வெட்டி வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுவதைப் பார்க்கிறேன். உங்களிடம் அந்தச் செய்தி யூனிகோடு எழுத்தாக ஏற்கெனவே இருக்கும். படத்தோடு அதையும் ஒட்டிவிட்டால், எங்கள் அண்ணாச்சி மாதிரி இருப்பவர்கள் காலையில் எங்களுக்கு முன்னாலேயே உங்கள் செய்தியைப் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்வார்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் இதிலிருந்தே அதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன், அண்ணாச்சியிடம் இதை நான் வாசித்துக் காட்டப் போவதில்லை.

இப்படிக்கு,
அலுவலக ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.